உருளைக்கிழங்கு, ஒரு கிலோ, மண்ணோடு

கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் விசாரணை. "விசாரணை வருது, விலைச் சீட்டெல்லாம் நேரா வை" என்று ஒரு கடையில் குரல் கேட்கும். "இன்னைக்காவது ஒரு தீப்பெட்டி வாங்கிட்டுப் போங்கக்கா, கல்லாவுக்குக் கண்ணு வேர்க்குது" என்று இன்னொரு கடையில் கிண்டல் செய்வார்கள். மாதத்தில் எட்டு நாள் அவள் கடை கடையாக ஏறி இறங்குவாள். நூற்று இருபத்தாறு பொருள்களின் விலையைக் கேட்பாள், எழுதிக்கொள்வாள், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எதையும் வாங்க மாட்டாள். அவளுடைய வேலையே அதுதான்.

ஒரு நிறுவனம் தன் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பினால், அங்கே குடும்பம் நடத்த இங்கே ஆவதைவிட எவ்வளவு கூடுதலாகும் என்று பார்த்து, அந்த வித்தியாசத்தைச் சம்பளத்துக்கு மேல் படியாகக் கொடுக்கும். அதற்கு இரண்டு ஊர் விலையும் தெரிய வேண்டும். அங்கே எவளோ ஒருத்தி கடையேறி எழுதுவாள், இங்கே இவள் எழுதுவாள். தலைமை அலுவலகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியலாக்கி விற்கும். யார் வாங்குகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். அவளும் கேட்டதில்லை. விலை கேட்பவளுக்கு வேறு எதையும் கேட்கிற பழக்கம் போய்விட்டிருந்தது.

வீட்டில் அவள் பெயர் சின்னவள். நாற்பத்தி மூன்று வயதிலும் சின்னவள்தான், ஏனென்றால் பெரியவன் ஒருவன் இருந்தான். அண்ணன் எட்டு வருடமாக வெளிநாட்டில் இருந்தான். தொலைபேசியில் அவன் பேச்சு "சாப்பிட்டீங்களா"வில் தொடங்கும், தக்காளியில் போய் முடியும்.

"இங்க ஒரு தக்காளி வாங்குற காசுக்கு அங்க ஒரு கூடை வாங்கலாம். உங்களுக்கெல்லாம் அருமை தெரியலை."

"ஒரு கூடை தக்காளிய வெச்சுக்கிட்டு நானும் அம்மாவும் என்னடா பண்றது, குளிக்கிறதா?" என்பாள் சின்னவள். அப்போதெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு படுக்கையானபோதுதான் தக்காளி வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. மூன்றரை வருடம். செலவில் பாதி அவன், பாதி அவள் என்று பேச்சு. பார்த்துக்கொள்வது முழுக்க அவள். மாதக் கடைசியில் கடை ரசீதுகளை அவன் கேட்டான், அனுப்பினாள். பிறகு ரசீதில் ஒவ்வொரு வரியாகக் கேட்டான். பால் ஏன் இவ்வளவு? முட்டை ஏன் இவ்வளவு? "பார்த்து வாங்கு, சின்னவளே. அங்க விலை என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே" என்றான். போகப் போக, அவன் அனுப்பிய பாதி பாதியாக இல்லை. அவள் தன் பங்கை ஏற்றி இட்டு நிரப்பினாள். படுக்கையில் கிடப்பவளுக்குக் கேட்கிற தூரத்தில் இதையெல்லாம் வாதாட முடியுமா என்ன.

அம்மா இறந்து இருபது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். சித்தப்பாவும் அத்தையும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மாவோடு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு டீச்சரும் இருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தை சாதாரணமாகத்தான் சொன்னாள்: "சின்னவளுக்கு ஏதாவது செய்டா. மூணரை வருஷம் ஒத்தை ஆளாப் பார்த்திருக்கா."

"பார்த்தா. நான் இல்லைங்கல" என்றான் அண்ணன். "பார்த்ததுக்கு உள்ளதை அவளே எடுத்துக்கிட்டா, அத்தை."

அத்தைக்குப் புரியவில்லை. "என்னத்தை எடுத்தா?"

அவன் கைபேசியை எடுத்தான். முன்கூட்டியே திறந்து வைத்திருந்தான் என்பது விரல் போன வேகத்தில் தெரிந்தது. "இது எங்க ஆபீஸ் எங்களுக்குக் கொடுக்கிற லிஸ்ட். உலகம் முழுக்க ஆள் வெச்சு, கடைக்கு அனுப்பி, விலை எடுக்கிறான். இங்க ஒரு விலை, அங்க ஒரு விலை. இதை வெச்சுத்தான் எங்களுக்குப் படியே தர்றான். தப்பா இருக்குமா? கேளுங்க. பால், ஒரு லிட்டர், இங்க நாப்பத்தி நாலு. சின்னவ எனக்கு அனுப்பின கணக்குல அறுபத்தஞ்சு. முட்டை பன்னெண்டு, லிஸ்ட்ல ஐம்பத்தி நாலு. சின்னவ கணக்குல எண்பத்தி நாலு."

"எந்தக் கடையில வாங்கினாளோ..." என்று சித்தப்பா இழுத்தார்.

"இருங்க சித்தப்பா. ரசீதுன்னா எந்தக் கடைக்காரனும் கேட்ட தொகைக்கு எழுதித் தருவான். எவ்வளவு துல்லியமா எடுத்திருக்கான் பாருங்க. உருளைக்கிழங்கு, ஒரு கிலோ, மண்ணோடுன்னு போட்டிருக்கான்! மண்ணோட எடையைக்கூட விடலை. இவன் பொய் சொல்வானா?"

சித்தப்பா சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தாள். சின்னவள் மட்டும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

அவன் இன்னும் முடிக்கவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான். தாழ்த்தினால் எல்லாரும் இன்னும் கவனமாகக் கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். "சொல்லக் கூச்சமா இருக்கு. டயப்பர், பத்து, லிஸ்ட்ல நூத்தி முப்பது. இவ நானூத்தி எண்பதுன்னு அனுப்பியிருக்கா. மாசத்துக்கு ஒம்பது பாக்கெட். பெத்த அம்மா போடுற டயப்பர்லயுமா கை வைக்கணும்?"

அது குழந்தைகளுடைய டயப்பரின் விலை. பட்டியலில் 'குழந்தைப் பொருள்கள்' என்ற தலைப்புக்குக் கீழே வரும். பெரியவர்களுக்கானது பட்டியலிலேயே இல்லை. இதைச் சொல்ல சின்னவள் வாயைத் திறந்தாள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாகும்வரை ஆண்கள் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திராத அம்மாவின் டயப்பர் அளவை, அந்தக் கூடத்தின் நடுவில், இத்தனை பேர் முன்னால் விளக்க வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை. வராத வாயை எல்லாரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

"சரி விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்றாள் அத்தை. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. அந்த 'சரி விடுப்பா' அவளைத் திருடி என்று முத்திரை குத்திவிட்டு, மன்னித்தும் விட்டது.

சின்னவள் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழவில்லை. அவள் தலைக்குள் ஒரே ஒரு வரி சுற்றிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு, ஒரு கிலோ, மண்ணோடு.

அந்த ஊரில், ஏன், அந்த நாட்டிலேயே, குறிப்புப் பத்தியில் 'மண்ணோடு' என்று எழுதக்கூடியவள் ஒருத்திதான். மண் ஒட்டிய கிழங்கு கிலோவுக்குக் கால்பிடி எடை பொய் சொல்லும் என்று, அலுவலகம் கேட்காமலே, ஆறு வருடமாக அவள்தான் எழுதிவந்தாள்.

எல்லாரும் போன பிறகு பீரோவிலிருந்து அலுவலகக் குறிப்பேட்டின் நகலை எடுத்துப் பார்த்தாள். பால் நாற்பத்தி நான்கு. முட்டை ஐம்பத்தி நான்கு. அவள் கையெழுத்து. அதே பீரோவில், மேல் தட்டில், அண்ணனுக்கு அனுப்பிய வீட்டுக் கணக்கு நோட்டும் இருந்தது. பால் அறுபத்தைந்து. அதுவும் அவள் கையெழுத்துதான்.

இரண்டிலும் அவள் பொய் எழுதவில்லை. அம்மா விழுந்த பிறகு தூரத்துக் கடைகளுக்குப் போக முடியவில்லை. டீச்சர் வந்து உட்காரும் ஒரு மணி நேரத்துக்குள் விலை எடுத்துத் திரும்ப வேண்டும். வீட்டுக்குப் பின்தெருவில்தான் மொத்த வியாபாரச் சந்தை. காலை பதினொரு மணிக்கு, மீந்த சரக்கைத் தள்ளிவிடுகிற நேரத்தில், மூட்டை விலையைக் கேட்டுக் கிலோவுக்கு வகுத்து எழுதினாள். பாலுக்கு, சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஊற்றும் டிப்போ விலை. எழுதியதெல்லாம் உண்மையான விலை. ஆனால் அந்த விலைக்கு எந்தக் குடும்பமும் சாமான் வாங்கவில்லை. அவளே வாங்கவில்லை. சந்தையில் மூட்டை விலையை எழுதிவிட்டு, சாயங்காலம் முனைக்கடையில் அரைக்கிலோவை முழு விலைக்கு வாங்கி வந்தாள். அம்மாவை விட்டுப் போக முடியாமல் அவள் எழுதிய குறைந்த விலை, கடல் தாண்டிப் போய், அண்ணனின் படியைக் கொழுக்க வைத்து, திரும்பி வந்து அம்மாவின் பால் காசைக் குறைத்திருக்கிறது. கடைசியில் அவள் முகத்திலும் கரி பூசியிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் அப்படி ஒரு கணக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். சின்னவள் நோட்டை மூடினாள். நெஞ்சில் ஏதோ ஒன்று குளிர்ந்து கெட்டியானது. நன்றாகவே இருந்தது அது.

*

"எதுக்கும்மா கிளறுறே?" என்றார் மேற்பார்வையாளர். அடுத்த வாரம், அண்ணன் விமானம் ஏறிய மறுநாள், அவள் போய் அவர் மேசை முன்னால் நின்றாள். அவர் மேசையில் ஒரு பாட்டில் நிறைய இருமல் மிட்டாய் இருக்கும். பிரச்சினை பெரிதாக இருந்தால் இரண்டாகப் போட்டுக்கொள்வார். "யாரும் கேக்கலை. எவனும் புகார் சொல்லலை. குறைச்சலா இருக்குன்னா வாங்குறவனுக்குச் சந்தோஷம்தானே?"

"விதியில என்ன இருக்கு சார்? அனுப்புற ஊழியரோட குடும்பம் எங்க வாங்குமோ அந்தக் கடைன்னுதானே இருக்கு. மொத்த விலை கூடாது, தள்ளுபடி கூடாது."

"இருக்கு. இருந்தா? ஒரு கடையை மாத்தணும்னா ஒரு படிவம். நீ எத்தனை பொருளுக்கு மாத்தணும்கிறே?"

"அறுபத்தெட்டு."

அவர் இரண்டாவது மிட்டாயைப் போட்டுக்கொண்டார். "அறுபத்தெட்டு படிவம். ஒவ்வொண்ணுலயும் காரணம் எழுதணும். என்ன எழுதுவே?"

"என் தப்புன்னு எழுதுவேன்."

"வேலை போகலாம், தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினான்கு வருடமாக அவளிடம் ஒரு விடுப்புக் கடிதத்துக்கு மேல் எதையும் வாங்கியிராத மனிதர். "உன் மூஞ்சியப் பார்த்தா யாரையோ பழி வாங்கக் கிளம்பின மாதிரி இருக்கு."

"நான் எதையும் வாங்குறதில்லை சார். விலை கேக்குறதோட சரி" என்றாள் சின்னவள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் பட்டியல் எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்பதில் ஒரு வீடு இப்போது தனக்குத் தெரியும் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பட்டியலை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். இந்த வேலையை வேறொருத்தி கையில் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அறுபத்தெட்டு படிவத்தையும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பிறகு பேருந்து ஏறி, ஊரின் மறுபக்கம், அகலமான தெருக்களும் காவலாளி வைத்த அடுக்குமாடிகளும் உள்ள பகுதிக்குப் போனாள். அண்ணன் வெளிநாடு போகும் முன் அண்ணியோடு குடியிருந்ததும் அங்கேதான். குளிரூட்டிய கடை. உருளைக்கிழங்கு கழுவித் துடைத்து வலைப்பையில் இருந்தது; விலையை மட்டும் எழுதி, குறிப்புப் பத்தியை வெறுமையாக விட்டாள். முட்டைக்கு மேல் தேதி முத்திரை. வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண்கள் விலையைப் பார்க்காமல் எடுத்துப் போட்டார்கள். அண்ணியும் இப்படித்தான் எடுத்துப் போட்டிருப்பாள்.

சமையல் எண்ணெய் அடுக்கின் முன்னால் அவள் பேனா ஒரு கணம் நின்றது. இறக்குமதிச் சரக்கு ஒன்று பக்கத்திலேயே இருந்தது, இரண்டு மடங்கு விலை. அதை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆசையாகத்தான் இருந்தது. நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி ஆசை. ஆனால் பொய்யை ஒரு நாள் எவனாவது வந்து அடித்துத் திருத்திவிடுவான். அண்ணன் துள்ளிக் குதிப்பான், மேல்முறையீடு செய்வான், ஜெயிப்பான். உண்மை விலையை அவன் எங்கே கொண்டுபோய் முட்டுவான்? சாதாரண எண்ணெயின் சாதாரண விலையை, இலக்கம் பிசகாமல், அழுத்தி எழுதினாள். அந்த எட்டு நாளும் அவள் அப்படித்தான் எழுதினாள். நேர்மைக்காக அல்ல. கத்தியைத் தீட்டுகிறவன் விரலால் தடவித் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு விலையையும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

விலை இப்படித் தாவியதைப் பார்த்து, தலைமை அலுவலகம் சரிபார்க்க வேறொரு ஆளை அனுப்பியது. அந்த ஆள் முப்பது பொருளை எடுத்துப் பார்த்தார். முப்பதும் அவள் எழுதியதோடு காசு சுத்தமாகப் பொருந்தின. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. "இத்தோட விட்டாங்களேன்னு கும்பிடு" என்றார் மேற்பார்வையாளர். அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். செலவு ஆகும் என்று தெரிந்துதான் இறங்கியிருந்தாள்.

இடையில், புதிய பட்டியல் வெளிவரும்வரை, அந்த மூன்று மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். அத்தை வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சுக்குச் சாமான் வாங்கப் போக எல்லாரையும் கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, சித்தி மேசைமேல் கிடந்த பணப்பையை எடுத்து உள்ளே வைத்தாள். வெகு இயல்பாக, பேசிக்கொண்டே வைத்தாள். சின்னவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை ஒரு விலையைப்போல மனதில் குறித்துக்கொண்டாள்.

*

புதிய பட்டியல் வெளியான செய்தி, குடும்பத்தார் எல்லாரும் இருக்கிற கைபேசிக் குழுவில் அண்ணனின் குரலாக வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை காலை. சின்னவள் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல ஒரு அநியாயம் நடந்திருக்கு. இங்க இருக்கிற விலைக்கும் நம்ம ஊர் விலைக்கும் பெரிய வித்தியாசமே இல்லைன்னு ஒரு புது லிஸ்ட் போட்டு, என் படியில மூணுல ரெண்டு பங்கைக் குறைச்சுட்டான். இங்க வாடகை, பிள்ளைங்க ஸ்கூலு, எல்லாம் அந்தப் படியை நம்பித்தான் ஓடுது. மேல்முறையீடு பண்ணலாம்னு இருக்கேன். நம்ம ஊர்ல நிஜமா என்ன விலைன்னு நீங்க எழுதி அனுப்புங்க. ரசீது இருந்தா படம் எடுத்துப் போடுங்க. பால் அறுபத்தெட்டாம்! முட்டை எண்பத்தெட்டாம்! எவனோ சோம்பேறி, கடைக்கே போகாம எழுதியிருக்கான்."

ரசீது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். சின்னவள் அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள்.

முதலில் சித்தப்பாதான் பதில் போட்டார். அவருக்கு எழுத வராது, குரல்தான். "பால் அறுபத்தெட்டுதான்டா. நேத்துதான் வாங்கினேன். அதுவும் டிப்போவுல அட்டை இருந்தாத்தான் குறைச்சல், நமக்கு ஏது அட்டை."

அடுத்தது அத்தை. "முட்டை தொண்ணூறு. எண்பத்தெட்டுக்கு எங்க கிடைக்குதுன்னு கேட்டுச் சொல்லு, நான் போய் வாங்கிக்கிறேன். நீ எந்தக் காலத்துல இருக்கே?"

சித்தி ஒரு ரசீதைப் படமெடுத்துப் போட்டாள். எண்ணெய், வெங்காயம், சலவைத்தூள். எல்லாம் புதிய பட்டியலின் விலைதான். ஒன்றிரண்டு அதற்கும் மேல்.

"நீங்க ஏமாந்து வாங்குறீங்க" என்று எழுதினான் அண்ணன்.

"ஆமாண்டா, ஊரே ஏமாந்து வாங்குது. நீ ஒருத்தன் வந்து எங்களுக்குக் கடை காட்டு" என்றாள் அத்தை.

அத்தை ஏதோ எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள் என்று திரை காட்டியது. சின்னவள் கையில் ஈரத் துணியோடு பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கால் நனைந்தது.

அத்தை எழுதியது வந்தது: "அப்போ அன்னைக்குச் சின்னவ கணக்குன்னு நீ வாசிச்சியே, பால் அறுபத்தஞ்சு, முட்டை எண்பத்தி நாலு. அது சரியாத்தானே இருந்திருக்கு?"

சின்னவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பாக்கெட் மீதி இருந்தது. பத்தில் மூன்று மிச்சம். தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தாள். அன்று கூடத்தில் வராத வாய்க்கு இப்போது அவசியமே இருக்கவில்லை. விலை ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் வைத்து, படம் எடுத்தாள். 'பெரியவர்களுக்கானது. பத்து. 480.' படத்துக்குக் கீழே எழுதினாள்: "நீ வாசிச்சது குழந்தைங்க டயப்பர் விலை. அம்மா குழந்தை இல்லை."

குழுவில் போட்டாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பல மாதம் கழித்து அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள்.

*

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"எல்லாரு முன்னாடியும் இப்படிப் போடணுமா, சின்னவளே? எனக்குத் தனியா அனுப்பியிருக்கலாம்ல?"

"நீ எனக்குத் தனியாத்தான் வாசிச்சியா?"

அவன் பெருமூச்சு விட்டான். "சரி, தெரியாமப் பேசிட்டேன். இப்போ அதுவா பிரச்சினை? என் தலையில இடி விழுந்திருக்கு. அந்த லிஸ்ட் எழுதினவன் மட்டும் கையில கிடைச்சா..."

"அவன் இல்லை. அவ."

"என்ன?"

"நான்தான் எழுதுறேன். ஆறு வருஷமா."

எதிர்முனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் வேலை என்னவென்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. 'ஏதோ சர்வே' என்பதோடு சரி.

"மண்ணோடன்னு போட்டவன் பொய் சொல்வானான்னு கேட்டியே" என்றாள் சின்னவள். "சொல்ல மாட்டான். ஆனா மொத்தச் சந்தை விலையை எழுதிட்டான். அம்மாவ விட்டுட்டு தூரமாப் போக முடியலை, அதனால. இப்போ அம்மா இல்லை. தூரமாப் போறேன்."

"நீ வேணும்னே செஞ்சிருக்கே. உங்க ஆபீஸுக்குப் புகார் கொடுப்பேன்."

"கொடு. மூணரை வருஷமாக் குறைச்சு எழுதினதும் இவதான்னு சேர்த்து எழுது. மூணரை வருஷமா நீ கூடுதலா வாங்கின படியைத் திருப்பிக் கேப்பாங்க. வீட்டு நோட்டும் இருக்கு, ஆபீஸ் நோட்டும் இருக்கு. ரெண்டையும் படமெடுத்து நானே அனுப்புறேன். ரசீதோட."

அவன் மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது. அவன் சின்ன வயதில் அவள் பென்சிலை உடைத்துவிட்டு அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சும்போது வருகிற குரல்.

"இப்போ நான் என்ன பண்ணணும், சொல்லு. எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன். நீ அடுத்த லிஸ்ட்ல சரி பண்ணிடு."

"முதல்ல கேளு. 'ஏதோ தப்பு நடந்துபோச்சு'ன்னு கேக்காதே. பாலு, முட்டை, டயப்பர், ஒவ்வொண்ணா விலையச் சொல்லிக் கேளு. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே."

"கேட்டா?"

"கடையில என்ன விலை இருக்கோ, அதை எழுதுறேன். ஒரு பைசா கூட்ட மாட்டேன்."

"அது போதும்" என்றான் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே. "உள்ளதை உள்ளபடி எழுது, அது போதும் எனக்கு."

அவன் நிஜமாகவே நம்பினான். எட்டு வருடத்துக்கு முன் விட்டுப்போன ஊர், விட்டுப்போன விலையிலேயே தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவனுக்கு, உள்ளதை உள்ளபடி எழுதினாலே ஜெயித்துவிடலாம் என்றுதான் தோன்றும். சின்னவள் அவனைத் திருத்தவில்லை.

அன்றைக்கே குழுவில் அவன் குரல் வந்தது. ஒரு நிமிடம் பத்து வினாடி. "பால் அறுபத்தஞ்சுன்னு சின்னவ அனுப்பினது சரி. முட்டை எண்பத்தி நாலுன்னு அனுப்பினது சரி..." டயப்பருக்கு வந்தபோது தொண்டையைச் செருமினான், ஆனால் சொன்னான். நானூற்று எண்பது சரி என்று சொன்னான். சின்னவள் ஒரு பைசாவும் எடுக்கவில்லை என்று சொன்னான். அத்தை ஓடி வந்து அழுகை முகங்களாகப் போட்டாள். சித்தி, "எனக்கு அப்பவே தெரியும்" என்று எழுதினாள். பணப்பையை உள்ளே வைத்த கை எழுதியது அது. சின்னவள் யாருக்கும் பதில் போடவில்லை. அண்ணனின் குரலை மட்டும் மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது, வெறுமையாகக் கிடந்த கட்டிலின் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

அடுத்த விலையெடுப்பு நாள் வந்தது. அதே குளிரூட்டிய கடை. பால் அடுக்கும் பெண்ணுக்கு அதற்குள் அவளைத் தெரிந்திருந்தது.

"வந்துட்டீங்களா? இங்கயும் உங்களுக்கு ஒரு பேரு வெச்சுட்டோம்க்கா."

"என்ன பேரு?"

"கோவிச்சுக்காதீங்க. விசாரணை."

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். கைப்பைக்குள் கைபேசி அதிர ஆரம்பித்தது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தேதியைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டவன் ஒருவன்தான்.

"பால் என்ன விலைம்மா?"

"நேத்து ஏறிடுச்சுக்கா. எழுபத்தி ஒண்ணு."

பையில் அதிர்ந்தது நின்றது. பிறகு மறுபடியும் அதிர்ந்தது. அவள் விலைச் சீட்டை நிமிர்த்திப் பார்த்து, சரிதான் என்று உறுதி செய்துகொண்டு, எழுபத்தி ஒன்று என்று எழுதினாள். உருளைக்கிழங்குப் பக்கம் நகர்ந்தாள். குறிப்புப் பத்தியில், ஆறு வருடத்தில் முதல் முறையாக, 'கழுவியது' என்று எழுதினாள்.